துணிச்சல் இல்லாதவர்களா நாம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம். சங்கக் கூட்டமல்ல. 'தொழில்முனைவோர் விழிப்புணர்வு நாள்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். நகரத்திலிருந்து கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதர் காரில் வந்து இறங்கினார். நானும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

நன்றாகத்தான் பேசினார். குறை சொல்ல முடியாது. "நம்ம ஆளுங்ககிட்ட எல்லாம் இருக்கு. துணிச்சல் ஒண்ணுதான் இல்ல. நூறு வருஷமா மரத்தையே பாத்துக்கிட்டு நின்னுட்டோம். சீனனைப் பாருங்க, கொரியாக்காரனைப் பாருங்க, தைவான்காரனைப் பாருங்க. எல்லாம் மனசுதான் காரணம்" என்றார். கைதட்டல் விழுந்தது. பேச்சு முடிந்ததும் ஒரு பாரத்தைக் கொடுத்தார்கள். 2,800 வெள்ளி கட்டினால் மூன்று நாள் பயிற்சி, ஒரு பெட்டி நிறையச் சரக்கு, பிறகு ஆள் சேர்க்கச் சேர்க்க வருமானம்.

வெளியே தண்ணீர்க் குழாயருகே ஓர் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். 55 வயது முடிந்து சேமநிதிப் பணம் கைக்கு வந்திருக்கிறது. "ஏன் தம்பி, பத்தொன்பதாயிரம் இருக்கு. இதுல கொஞ்சம் போட்டுப் பாக்கலாமா? நமக்குத்தான் துணிச்சல் இல்லேங்குறாரே" என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொன்னேன். ஆனால் குழாயடியில் நின்று விளக்கமாகச் சொல்ல முடியவில்லை. அந்த அக்காவுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். மண்டபத்தில் கைதட்டிய தோழர்களும் படிக்க வேண்டும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். சொந்தத் தொழில் செய்கிறவர் தொகை கூடினால் நாடு முன்னேறிவிடும் என்பது சரியல்ல. ஆப்பிரிக்காவின் பல ஏழை நாடுகளில் உழைப்பவர்களில் பாதிக்கு மேல் சொந்தத் தொழில்காரர்களே. வாழைப்பழம் விற்பார்கள், செருப்புத் தைப்பார்கள், தெருவோரம் கரி விற்பார்கள். ஜெர்மனியில் பத்துப் பேரில் ஒருவர்கூடச் சொந்தத் தொழில்காரர் இல்லை. எந்த நாடு பணக்கார நாடு? வேறு வழியில்லாமல் கடை போடுவது ஒன்று. வளர்ந்து நூறு பேருக்கு வேலை கொடுப்பது வேறு ஒன்று.

இந்த இரண்டாவது வகை எங்கேயும் குறைவுதான். பிரிட்டனில் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2002 முதல் 2008 வரை அங்கே இருந்த நிறுவனங்களில் புதிதாக உண்டான வேலைகளில் பாதியைக் கொடுத்தவை, நூற்றுக்கு ஆறே ஆறு நிறுவனங்கள். மீதி 94-உம் இருந்த இடத்திலேயே இருந்தன, அல்லது மெல்ல நகர்ந்தன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, 'யாருக்குத் துணிச்சல் இருக்கிறது?' என்பதல்ல. அந்த ஆறு பேருக்கு என்ன கிடைத்தது, மற்றவர்களுக்கு என்ன கிடைக்கவில்லை என்பதுதான் கேள்வி.

சிட்டகாங்கில் 130 பேர்

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிற வங்காளதேசத் தம்பி ஒருவர் இருக்கிறார். உடைந்த மலாயில் பேசுவார். அவருடைய அக்கா சிட்டகாங்கில் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாராம். உலகமெங்கும் விற்கிற சட்டைகளில் ஏராளமானவை அந்த நாட்டில் தைத்தவை. ஆடை விற்றுத்தான் அந்த நாட்டுக்கு ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வருகிறது. சுமார் 40 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள், அந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

ஆனால் 1978-இல் இந்தத் தொழில் அங்கே பேருக்குத்தான் இருந்தது. 1971-இல் போர் நடந்து பிறந்த நாடு. புயல், பஞ்சம், கடன். 'இவர்களால் எதுவும் ஆகாது' என்று உலகமே கைகழுவிய நாடு. அவர்களுக்குத் திடீரென்று துணிச்சல் எங்கிருந்து வந்தது?

துணிச்சல் வரவில்லை, தோழர்களே. ஒப்பந்தம் வந்தது. பணக்கார நாடுகள் 1974-இல் ஒரு விதி செய்தன. கொரியா போன்ற நாடுகள் இவ்வளவு துணிதான் அனுப்பலாம், அதற்கு மேல் கூடாது என்று கோட்டா போட்டன. கொரியாவின் டேவூ நிறுவனத்துக்கு வேறு ஒரு நாட்டிலிருந்து சட்டை அனுப்ப வேண்டிய கட்டாயம். வங்காளதேசத்துக்கு அப்போது கோட்டா இல்லை. அங்கே அரசு வேலையை விட்டு வந்த நூருல் காதர் என்பவர் 'தேஷ்' என்ற தொழிற்சாலை தொடங்க நினைத்தார். இருவரும் 1978-இல் கை குலுக்கினார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 1979-இல் தேஷ் தன் ஆட்கள் 130 பேரைக் கொரியாவின் பூசான் நகருக்கு அனுப்பியது. ஆறு மாதம். அங்கே வெறும் ஊசி நூல் மட்டும் கற்றுக்கொண்டு வரவில்லை. துணி எப்படி வாங்குவது, எப்படி வெட்டினால் வீணாகாது, எத்தனை பேரை எந்த வரிசையில் உட்கார வைப்பது, சட்டையை எப்படிச் சோதிப்பது, வெளிநாட்டுக்காரனிடம் எப்படி விற்பது என்று தொழிலைத் தலை முதல் கால் வரை பார்த்தார்கள்.

1980-இல் தேஷ் அனுப்பியது 43,000 சட்டை. ஏழு ஆண்டு கழித்து, 1987-இல், 23 லட்சம் சட்டை. ஆனால் அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. கொரியாவுக்குப் போய் வந்த அந்த 130 பேரில் 115 பேர், பத்தாண்டுக்குள் தேஷை விட்டு வெளியேறிவிட்டார்கள். சிலர் சொந்தமாகத் தொழிற்சாலை வைத்தார்கள். சிலர் புதுத் தொழிற்சாலைகளுக்குத் தலைமை ஏற்கப் போனார்கள். கற்ற தொழில் காற்றில் பரவுகிற மாதிரி பரவியது. அந்த 115 பேரும் பிறவியிலேயே வீரர்களா? இல்லை. தொழில் முழுவதையும் ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள். அவ்வளவுதான்.

பணம்? அவர்களிடம் பணமில்லை. அதற்கும் ஒரு வழி செய்தார்கள். வெளிநாட்டுக்காரன் 'பத்தாயிரம் சட்டை வேண்டும்' என்று வங்கி மூலம் கடிதம் அனுப்புவான். அந்தக் கடிதத்தையே பிணையாக வைத்து, உள்ளூர் வங்கி துணி வாங்கக் கடன் பத்திரம் திறக்கும். நிலப்பத்திரம் வேண்டாம், நகை வேண்டாம். சட்டை போய்ச் சேர்ந்து பணம் வந்ததும் துணிக்கடன் கழியும். நம் தோட்டத்துக் கடைக்காரர், சம்பளம் வரும் என்ற நம்பிக்கையில் பற்றுப் புத்தகத்தில் அரிசி பருப்பு கொடுத்தாரே, அதே கணக்குதான். அதோடு, ஏற்றுமதிக்காக வரும் துணிக்கு வரி கட்டாமல் பூட்டிய கிடங்கில் வைத்துக்கொள்ள அரசாங்கம் இடம் கொடுத்தது. கையில் காசில்லாதவனும் தொழிலில் கால் வைக்க முடிந்தது.

நான் இதைப் புகழ்ந்துகொண்டே போவதாக யாரும் நினைக்க வேண்டாம். 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். முதல் நாளே சுவரில் வெடிப்பு விழுந்தது. 'உள்ளே போ, இல்லாவிட்டால் சம்பளமில்லை' என்று விரட்டினார்கள். முதலாளிகள் வேகமாக முளைத்த ஊரில் சங்கம் முளைக்க விடவில்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் தொழிற்சங்கங்களும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் கையெழுத்துப் போட்டுக் கட்டடங்களைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். வேக வளர்ச்சி பற்றிப் பேச வரும் கோட்டுக்காரர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

காலுக்கடியில் மண்

தைவானையும் அவர் காட்டினார் அல்லவா? தைவான் கதையைப் பாதியில் தொடங்கிச் சொன்னார். நான் முன்பாதியைச் சொல்கிறேன்.

அங்கே குத்தகை விவசாயி விளைச்சலில் பாதியும் அதற்கு மேலும் நிலக்காரனுக்கு அளந்துகொண்டிருந்தான். 1949-இல் அரசாங்கம் குத்தகையை நூற்றுக்கு 37.5 என்று நிறுத்தியது. 1953-இல் 'உழுதவனுக்கே நிலம்' என்று சட்டம் போட்டது. எல்லைக்கு மேல் இருந்த நிலத்தை நிலக்காரனிடமிருந்து வாங்கி, உழுதவனுக்கு விற்றது. விலை, ஆண்டு விளைச்சலைப்போல் இரண்டரை மடங்கு. பத்தாண்டுத் தவணை. குத்தகைக்காரன் மகன் நிலக்காரன் ஆனான். அவன் பிள்ளைகள் படித்தார்கள். 1968-இல் ஒன்பது வருடக் கட்டாயக் கல்வி வந்தது.

அதன் பிறகுதான் வீட்டு முன்கூடத்தில் யந்திரம் போட்டு உதிரிப்பாகம் செய்கிற பழக்கம் பெருகியது. எண்ணெயும் கிரீசும் படிந்து கறுத்த கையோடு பட்டறையில் வேலை பார்த்தவன் பட்டறைக்கு முதலாளியானான். 'கறுத்த கை முதலாளியாகிறது' என்று அவர்கள் பேச்சிலேயே ஒரு வழக்கு உண்டு. தோற்றாலும் திரும்பிப் போக ஒரு வீடும் ஒரு காணியும் இருந்தன. காலுக்கடியில் மண் இருந்தவன் குதித்துப் பார்த்தான்.

இன்றைக்கு உலகமே பேசுகிற தைவான் சில்லுத் தொழிலும் அப்படித்தான். 1976-இல் அரசாங்கமே ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து இளம் பொறியாளர்களைக் கற்றுவர அனுப்பியது. சிட்டகாங் கதை மாதிரியே இல்லையா? 1987-இல் டி.எஸ்.எம்.சி. நிறுவனம் தொடங்கியபோது முதலில் ஏறக்குறைய பாதியை அரசாங்கமே போட்டது. தொடங்கிய மோரிஸ் சாங்குக்கு அப்போது 55 வயது. அதற்கு முன் இருபத்தைந்து வருடம் அமெரிக்காவில் அதே தொழிலில் சம்பளக்காரராக இருந்தவர்.

55 வயது என்றதும் அந்த அக்கா சிரிப்பார். ஆனால் இது அதிசயமல்ல. அமெரிக்காவில் 27 லட்சம் தொழில் தொடங்கியவர்களின் கணக்கைப் பார்த்து, மிக வேகமாக வளர்ந்த ஆயிரத்தில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியவரின் சராசரி வயதைக் கண்டுபிடித்தார்கள். 45. அதே தொழிலில் முன்பு வேலை பார்த்திருந்தால் வெற்றிக்கு வாய்ப்பு கூடுதல் என்றும் கண்டார்கள். மூன்று நாள் பயிற்சியில் முதலாளியாக்குகிறேன் என்கிறவரிடம் இதைக் கேட்க வேண்டும்.

இனி நம் கதைக்கு வருவோம். நாம் தொழில் தெரியாதவர்களா? பால்மரத்தைத் தொட்டுப் பார்த்தே பட்டை எவ்வளவு கனம் என்று சொல்லும் கைகள் நம்முடையவை. ஆனால் பால் காண்டாவில் ஊற்றியதோடு நம் அறிவு வேலியடியில் நிறுத்தப்பட்டது. நிறுவைத் தராசு கிராணியிடம். விலை கம்பெனியிடம். வாங்குகிறவன் யார், என்ன விலை, எந்த வங்கி, எந்தக் கப்பல் என்று தலைமுறை தலைமுறையாக நாம் பார்த்ததே இல்லை.

டவுனில் ரப்பர் கடை வைத்திருந்த தவுக்கேயின் பிள்ளை, பள்ளிவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்து ஒட்டுப்பால் விலை ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தே வளர்ந்தான். உலகத்தின் மிகப் பெரிய ரப்பர் கையுறை நிறுவனமான டாப் குளோவ் நம் நாட்டில்தான் 1991-இல் தொடங்கியது. தொடங்கிய லிம் வீ சாய், ரப்பர் வியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளை. நமக்கு மரம் தெரியும். அவருக்குச் சந்தை தெரியும். இதில் ரத்தத்துக்கும் இனத்துக்கும் என்ன வேலை?

பினாங்கிலும் அதேதான். 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தபிறகு, அமெரிக்கக் கம்பெனிகளில் பல வருடம் வேலை பார்த்த பொறியாளர்கள் வெளியே வந்து சொந்த நிறுவனம் கண்டார்கள். அதே கம்பெனிகளில் வரிசையில் உட்கார்ந்து கம்பி ஒட்டிய பெண்களில் எத்தனை பேர் முதலாளியானார்கள்? அவர்களுக்குக் காட்டியது ஒரு கம்பி மட்டும்தானே.

துணிச்சல் இல்லை என்றாரே, அதற்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போன காலத்தில், 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மரம் வெட்டுகிறவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் கைநாட்டு வைத்துப் பங்கு எடுத்தார்கள். வேலை செய்த தோட்டத்தை வேலைக்காரனே வாங்கியது உலகத்தில் அடிக்கடி நடக்கிற காரியமா? துணிச்சல் இல்லாத கூட்டம் செய்கிற வேலையா அது?

பட்டறைத் தம்பியின் கணக்கு

நான் போகிற தோட்டம் ஒன்றில் ஒரு தம்பி உண்டு. தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் பதினொரு வருடம். டிராக்டர், லோரி, குலை ஏற்றும் யந்திரம் எதுவானாலும் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வார். சுற்றுவட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேடி வருவார்கள். டவுன் ஓரத்தில் ஒரு கொட்டகை பார்த்தார். வாடகை, கம்ப்ரஸர், சாமான் எல்லாம் சேர்த்து 15,000 வெள்ளி கணக்கு.

வங்கிக்குப் போனார். மூன்று மாதச் சம்பளச் சீட்டு கொண்டு வா என்றார்கள். வேலையை விட்டால் சம்பளச் சீட்டு இல்லை. வேலையை விடாமல் கடை திறக்க முடியாது. சரி, சேமிப்பை வைத்துத் தொடங்கலாம் என்று நிர்வாகத்திடம் பேச்சு எடுத்தார். 'வேலையை விட்டால் ஒரு மாதத்தில் வீட்டைக் காலி பண்ணணும்' என்று பதில் வந்தது. வீட்டில் ஓய்வு பெற்ற அப்பா, கால் நோவோடு அம்மா, தமிழ்ப்பள்ளியில் இரண்டு பிள்ளைகள். 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியான குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேலே வாங்குகிறவர், டவுனில் எந்த வீட்டை வாடகைக்குப் பிடிப்பார்?

அவர் வேலையை விடவில்லை. மண்டபத்தில் அன்று என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். 'துணிச்சல் இல்லை' என்று சொன்னபோது அவர் கைதட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வயிறு எரிந்தது.

இதே கணக்கைப் பிரான்ஸ் நாட்டில் வேறு விதமாகப் போட்டார்கள். 2002-இல் விதியை மாற்றினார்கள். வேலை இழந்தவர் தொழில் தொடங்கினால், வேலையில்லாதவருக்கான உதவிப் பணத்தை அடியோடு நிறுத்த வேண்டாம். தொழில் படுத்துவிட்டால், மீதி உதவியை வாங்கிக்கொள்ளத் திரும்பி வரலாம். அவ்வளவுதான் மாற்றம். புதிதாகத் தொடங்கும் தொழில்கள் ஏறக்குறைய கால் பங்கு கூடின. சோம்பேறிகள் வந்து கடை போட்டுக் கெடுத்தார்களா என்று ஆராய்ந்தார்கள். இல்லை. முன்பு தொடங்கியவர்களுக்கு இவர்கள் வளர்ச்சியில் இளைத்தவர்கள் அல்லர். மனசு மாறவில்லை, ஐயா. விழுந்தால் எலும்பு உடையாது என்று தெரிந்தது, குதித்தார்கள். நம் நாட்டிலும் 2018 முதல் சொக்சோவில் வேலை காப்புறுதித் திட்டம் இருக்கிறது. அது வேறு வேலை தேடுகிறவரை நினைத்துச் செய்த திட்டம். தொழில் தொடங்குகிறவரையும் நினைத்து அதை விரிக்கலாமே என்று கேட்டால் தப்பா?

அக்காவுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். அந்தப் பத்தொன்பதாயிரம்தான் உங்கள் காலுக்கடியில் இருக்கிற மண். அதை எடுத்து, பார்த்தறியாத சரக்குக்கு, முகம் தெரியாத ஆளிடம் கொடுக்காதீர்கள். உங்கள் தேங்காய்ப்பால் முறுக்கு பசார் மாலாமில் மாலை ஏழு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடுகிறது என்று ஊருக்கே தெரியும். மாவு என்ன விலை, எண்ணெய் என்ன விலை, எந்தக் கடை மாதக் கணக்கில் வாங்கும் என்று உங்கள் மகளை உட்கார வைத்து எழுதிப் பாருங்கள். அதற்குப் பாரமும் வேண்டாம், 2,800 வெள்ளியும் வேண்டாம்.

அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்கு எங்கள் கிளை இரண்டு கோரிக்கை எழுதியிருக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர் சொந்தத் தொழிலுக்காக விலகினால், நியாயமான வாடகையில் வீட்டில் தொடர்ந்து இருக்க விட வேண்டும். வொர்க்‌ஷாப், நர்சரி, நிறுவை, அலுவலகம் என்று எந்த வேலை கற்றவராக இருந்தாலும் அவர் கற்றதை எழுத்தில் சான்றாகக் கொடுக்க வேண்டும். நிர்வாகம் சிரிக்கும் என்று எங்களில் சிலரே சொன்னார்கள். சிரிக்கட்டும். சம்பளத்தோடு விடுமுறை கேட்டபோதும் சிரித்தவர்கள்தான்.

மகஜரை எழுதிக்கொண்டிருந்தபோது பட்டறைத் தம்பி எட்டிப் பார்த்தார். "அண்ணே, வீடு எத்தனை மாசம்னு போட்டிருக்கீங்க?"

"ஆறு மாசம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "கொட்டகையில முதல் வருஷம் கையில ஒண்ணும் நிக்காதுண்ணே. நான் கணக்குப் போட்டு வச்சிருக்கேன்" என்றார்.

ஆறு மாதத்தை அடித்துவிட்டு, பன்னிரண்டு மாதம் என்று எழுதினேன்.